வெளியேறியவர்கள் கட்டிய ஊர்: துருக்கியின் கெமாலியே

துருக்கி என்றால் இஸ்தான்புல்லின் மசூதிகளும் கப்படோக்கியாவின் பலூன்களும்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். உள்நாட்டு மலைப்பகுதியில் ஒரு சாதாரண மாவட்டம் எப்படி இருக்கும், அங்கே மக்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள், இன்று எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பதில் சொன்னால் ஆடு, பனி, பாலாடைக்கட்டி என்று நான்கு வரியில் முடிந்துவிடும். அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். நான் பல ஆண்டுகளாகத் தேடித்தேடிப் படித்துவரும் ஊர் அது. பெயர் கெமாலியே, பழைய பெயர் எயின். எர்சிஞ்சான் மாகாணத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. துருக்கியில் மாகாணத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு ‘இல்ச்சே’. நம் கணக்கில் அது ஒரு தாலுகா அளவுதான்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது தன் மண்ணை நம்பி வாழ்ந்த ஊர் அல்ல. தன்னை விட்டுப் போனவர்களை நம்பி வாழ்ந்த ஊர். இங்குள்ள வீடு, பாட்டு, பாதை எல்லாமே வெளியூரில் இருந்தவர்களின் பணத்திலும் அவர்களுக்காகக் காத்திருந்தவர்களின் ஏக்கத்திலும் உருவானவை. இதை மறந்துவிட்டு ஊருக்குள் நுழைந்தால், இத்தனை வறண்ட மலையில் இவ்வளவு அழகான வீடுகள் எப்படி வந்தன என்பதே விளங்காது.

நிலத்தைப் பாருங்கள். யூப்ரடீஸ் ஆற்றின் மேற்குக் கிளைக்குக் காராசு என்று பெயர். ‘கருந்தண்ணீர்’ என்று பொருள். எர்சிஞ்சான் சமவெளியைக் கடந்த பிறகு இந்த ஆறு மலைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. கிழக்கே முன்சுர் மலைத்தொடர், அதன் சிகரங்கள் 3000 மீட்டருக்கும் மேலே. மேற்கே சாரிச்சிச்செக் மேட்டுநிலம். ‘மஞ்சள் பூ’ என்று அர்த்தம். இரண்டுக்கும் இடையே ஆறு அறுத்துப்போட்ட ஆழமான பிளவு. ஊருக்கு வடக்கே இந்தப் பிளவு மிகவும் குறுகிவிடுகிறது. பாறைச் சுவர்கள் இருபுறமும் பல நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்க, அடியில் வெயில் படும் நேரமே குறைவு. அதனால் ‘இருண்ட பள்ளத்தாக்கு’ என்று பெயர். ஊர் இருப்பது ஆற்றின் மேற்குக் கரைச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில். சரிவு என்றால் ஏர் பூட்ட இடமில்லாத சரிவு. கல்லடுக்கி வரப்பு கட்டினால்தான் நான்கு மரம் வைக்க முடியும்.

ஆனால் தண்ணீர் உண்டு. ஊரின் நடுவிலேயே பாறைக்கடியிலிருந்து பெரிய ஊற்று ஒன்று பொங்கி வருகிறது. காதியார் குளம் என்று பொருள்படும் பெயரால் அதை அழைக்கிறார்கள். காதி என்றால் நீதிபதி, நம் முஸ்லிம் ஊர்களில் வழங்கும் அதே சொல்தான். அந்தத் தண்ணீர் வீடுகளுக்கு நடுவே சரிந்தோடி, ஒரு காலத்தில் மாவு ஆலைகளைச் சுழற்றி, தோட்டங்களை நனைத்து, ஆற்றில் போய் விழுகிறது. ஆர்மீனிய மொழியில் இவ்வூரின் பெயர் அக்ன். அந்தச் சொல்லுக்குக் கண் என்றும் பொருள், நீரூற்று என்றும் பொருள். ஊற்றுக்கண் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பூமியில் நீர் திறக்கும் இடத்தைக் கண்ணாகப் பார்ப்பது அந்த மலைக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

அக்ன் என்ற ஆர்மீனியப் பெயர் சும்மா வந்ததில்லை. 1021-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய கிழக்குத் துருக்கியில் ‘வான்’ என்ற பெயருள்ள ஏரிப் பகுதியில் வாஸ்புரகான் என்ற நாட்டை ஆண்ட செனெக்கெரிம் என்னும் ஆர்மீனிய அரசர், தம் நாட்டைப் பைசாந்தியப் பேரரசிடம் ஒப்படைத்துவிட்டுப் பெருங்கூட்டத்தோடு மேற்கே சிவாஸ் நகரப் பக்கம் குடிபெயர்ந்தார். அவரோடு வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்த ஊற்றைக் கண்டு தங்கிவிட்டார்கள் என்பது ஆர்மீனியர்களின் மரபுக் கதை. பின்னால் துருக்கியர் வந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி உஸ்மானியர் (ஒட்டோமான்) கைக்கு வந்தது. அதன்பிறகு முஸ்லிம் துருக்கியரும் கிறிஸ்தவ ஆர்மீனியரும் ஒரே சரிவில், ஒரே வகை வீடுகளில், ஒரே ஊற்றுத் தண்ணீரைக் குடித்து நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொரு சிறு கூட்டமும் உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது. சுற்றுப்புறக் கிராமங்கள் சிலவற்றில் ஹாய்ஹூரும் எனப்பட்டவர்கள் இருந்தார்கள். பேசுவது ஆர்மீனியம், திருச்சபையோ கிரேக்க ஆர்த்தடாக்ஸ். ஆர்மீனியர்களுக்கு இவர்கள் கிரேக்கர், கிரேக்கர்களுக்கு இவர்கள் ஆர்மீனியர். இவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இத்தனை பேருக்கும் சோறு போட அந்தச் சரிவால் முடியவில்லை. ஆகவே ஆண்கள் கிளம்பினார்கள். அதுவும் அருகிலுள்ள ஊருக்கு அல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இஸ்தான்புல்லுக்கு. கோவேறு கழுதையின் பின்னால் நடந்து வாரக்கணக்கில் போகவேண்டிய பயணம் அது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் முற்பகுதியிலும் இஸ்தான்புல்லின் பெரிய ஆர்மீனிய சர்ராஃப்களில் கணிசமானோர் இந்த ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள். சர்ராஃப் என்றால் நாணயம் மாற்றுபவர், வட்டிக்குக் கொடுப்பவர். நம் ஊர்களில் ‘சராப்பு’ என்று வழங்கிய சொல்லும் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் இவர்கள் சிறு கடை வைத்திருந்தவர்கள் இல்லை. உஸ்மானிய ஆட்சியில் மாகாண வரிவசூல் ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுக்கும் பாஷா, அதாவது உயரதிகாரி, முன்பணம் கட்ட வேண்டும்; அதற்கு உத்தரவாதம் ஒரு சர்ராஃப் கொடுக்க வேண்டும். ஆக, பேரரசின் வருவாய் ஓடிய வாய்க்காலின் மடையில் எயின் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்கு ‘அமிரா’ என்ற மதிப்புப் பட்டம் இருந்தது. சுல்தானின் வெடிமருந்து ஆலைகளைத் தலைமுறை தலைமுறையாக நடத்திய தாதியான் குடும்பத்தின் பூர்வீகமும் இதன் அருகிலுள்ள ஒரு கிராமம்தான். முஸ்லிம்களும் அதே வழியில் போனார்கள். இஸ்தான்புல்லின் இறைச்சி வணிகத்தில் எயின் கசாப்புக்காரர்களுக்கு நீண்டகாலம் பெயர் இருந்தது.

போனவர்கள் ஊரை மறக்கவில்லை. பணம் வந்தது; மசூதி, தேவாலயம், பள்ளி, குழாய்த் தண்ணீர், மூன்று மாடி வீடு எல்லாம் வந்தன. 1830-களின் இறுதியில் உஸ்மானியப் படைக்கு ஆலோசகராக இருந்த பிரஷ்ய அதிகாரி மோல்ட்கே இவ்வழியே வந்தபோது, தாம் ஆசியாவில் பார்த்த மிக அழகிய ஊர்களில் ஒன்றாக இதை எழுதிவைத்தார். வட துருக்கியின் அமாசியா நகரோடு ஒப்பிட்டு, இந்த ஊரின் மலையும் ஆறும் இன்னும் கம்பீரமானவை என்றார். பின்னாளில் ஜெர்மானியப் படைத்தலைவராகப் புகழ்பெற்ற அதே மோல்ட்கேதான்.

இதன் மறுபக்கம் பெண்கள். துருக்கிய மொழியில் ‘குர்பெத்’ என்று ஒரு சொல் உண்டு. பிழைப்புக்காகப் போய்க் கிடக்கும் அயலூர், அங்கிருக்கும் நிலை, அதனால் வரும் வலி மூன்றுக்கும் சேர்த்து அந்த ஒரே சொல்தான். எயினில் திருமணமான சில வாரங்களில் கணவன் கிளம்பிவிடுவான். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து வருவான்; சிலர் வரவே மாட்டார்கள்; சிலர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார்கள். மாமனார் வீட்டில் இருந்த பெண்ணுக்கு வெளிப்படையாக அழக்கூட உரிமையில்லை. ஆனால் பாடலாம். மல்பெரி உலுக்கும்போது, தறியில் உட்காரும்போது, தாலாட்டும்போது நான்கு வரியில் ‘மானி’ கட்டிப் பாடினார்கள். கணவனுக்கு, அவனைக் கொண்டுபோன பாதைக்கு, அவனைத் தன்னிடமே வைத்துக்கொண்ட இஸ்தான்புல்லுக்கு. இன்று துருக்கிய நாட்டுப்பாடல் கேட்பவர்களிடம் ‘எயின் பாட்டு’ என்று சொன்னால் போதும். தாளமில்லாமல் நீட்டிப் பாடும் பிரிவுப்பாட்டு என்று புரிந்துகொள்வார்கள்.

என்னை மிகவும் அசைப்பது இதுதான்: ஆர்மீனியர்களும் அதே ஊரிலிருந்து அதே துயரத்தைத் தங்கள் மொழியில் பாடினார்கள். அவர்களிடம் அயலூர் போனவனுக்குப் ‘பந்துஹ்த்’ என்று பெயர். அக்ன் ஊரின் பாடல்கள் ஆர்மீனிய நாட்டுப்பாடலின் தனிச்செல்வமாகக் கருதப்பட்டன. ஆர்மீனிய இசையின் தந்தை எனப்படும் கோமித்தாஸ், 1895-இல் காதல் பாட்டு, திருமணப் பாட்டு, தாலாட்டு என்று இவற்றைத் தொகுத்தார். அது அவருடைய தொடக்ககாலத் தொகுப்புகளில் ஒன்று. சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இதே மாவட்டத்தின் சித் என்ற கிராமத்தில் பிறந்த என்வெர் கொக்சே என்னும் இளைஞர், அங்காரா பல்கலைக்கழகத்தில் எயினின் துருக்கியப் பாடல்களையே தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பின்னால் அவர் முக்கியமான கவிஞரானார். இந்த இரண்டு தொகுப்புகளையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். அடுத்தடுத்த வாசலில் நின்றுகொண்டு, வெவ்வேறு மொழியில் ஒரே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கண்முன் வருவார்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேசவே முடியாது. சரிவில் கட்டுவதால் ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு தெருவிலிருந்து நுழையலாம். கீழ்த்தளம் கல், அங்கே கழுதையும் பசுவும், மல்பெரி சேமிக்கும் அறையும். மேலே மரச்சட்டம் நிறுத்தி இடையில் சுடாத மண்கல் அடைத்த சுவர். அதன்மேல் மழைச்சாரலைத் தாங்கப் பலகையோ தகரமோ அறைந்திருப்பார்கள். கூரை தட்டையான மண்கூரை. மரக்கட்டைகளை அடுக்கி, மேலே சுள்ளி பரப்பி, அதன்மேல் மண்ணைக் கொட்டி இறுக்குவார்கள். மழை பெய்தாலும் பனி கரைந்தாலும் மண் இளகி ஒழுகும். உடனே மேலே ஏறிக் கல் உருளையை முன்னும் பின்னும் உருட்டி மண்ணை மறுபடி கெட்டிப்படுத்த வேண்டும். ‘லோ’ எனப்படும் அந்த உருளை ஒவ்வொரு கூரையிலும் நிரந்தரமாகக் கிடந்தது. ஆண் இல்லாத வீட்டில் அதை உருட்டியதும் பெண்தான்.

வாசலுக்கு வாருங்கள். இரட்டைக் கதவு, தடித்த மரம். கண் உயரத்தில் இரும்பில் செய்த தட்டும் வளையங்கள் இரண்டு இருக்கும். ஒன்று பெரியது, கனமானது. பூவேலையோடு அடித்துச் செய்த தகட்டின்மேல் விழும்போது ‘டொம்’ என்று தடித்த ஒலி. பெயர் தொக்மாக். பக்கத்திலேயே சிறியது, மெல்லியது. ‘டிங்’ என்று கூர்மையான ஒலி. பெயர் ஷாக்ஷாக். வருபவர் ஆணானால் பெரியதைத் தட்ட வேண்டும், பெண்ணானால் சிறியதை. உள்ளே இருப்பவள் ஒலியைக் கேட்டே முக்காடு போடுவதா, மாமனாரைக் கூப்பிடுவதா, அப்படியே ஓடிப்போய்த் திறப்பதா என்று முடிவு செய்வாள். சுற்றுலாக்காரர்கள் இதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் நினைப்பது வேறு. பெரும்பாலான ஆண்கள் இஸ்தான்புல்லில் இருந்த ஊரில், அந்தத் தடித்த ஒலி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேட்டிருக்கும்? கேட்ட நொடியில் அடுப்படியில் இருந்தவளின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? உள்ளூர்க் கொல்லர்கள் இவற்றைத் தலைமுறையாகச் செய்துவந்தார்கள். இன்றும் ஊரில் இந்தக் கைவேலை உயிரோடு இருக்கிறது.

இனி மல்பெரி. முசுக்கொட்டை என்றும் சொல்வோம். நமக்குப் பட்டுப்புழுவின் தீனியாகத் தெரிந்த மரம், இவர்களுக்குத் தீனியே அதுதான். வயலில்லாத ஊரில் கோதுமையின் இடத்தில் வெள்ளை மல்பெரி உட்கார்ந்தது. ஜூன் இறுதியில் பழம் கனியும். மரத்தடியில் பெரிய துணியை நான்கு மூலையில் பிடித்துக்கொள்ள, ஒருவர் மேலே ஏறிக் கிளையை உலுக்குவார். பழம் மழையாகக் கொட்டும். அப்படியே தட்டை மண்கூரைக்குக் கொண்டுபோய்ப் பரப்பிவிடுவார்கள். வீட்டின் கூரைதான் களம். காய்ந்த மல்பெரி குளிர்காலம் முழுவதும் சர்க்கரைக்குப் பதில். பழத்தைக் காய்ச்சி வடித்து மறுபடி சுண்டக் காய்ச்சினால் ‘பெக்மெஸ்’ எனும் கருநிறப் பாகு. அதில் மாவு கலந்து துணியில் மெல்லப் பூசி உலர்த்தினால் மாம்பழத் தோசை போன்ற ‘பெஸ்தில்’.

இவற்றில் இந்த ஊருக்கே உரியது ‘லொக்’. உலர்ந்த மல்பெரியையும் வால்நட் பருப்பையும் கல்லுரலில் போட்டு இடிப்பார்கள். முதலில் மல்பெரி பொடியாகும். பிறகு வால்நட்டின் எண்ணெய் கசிந்து இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கடைசியில் உலக்கையில் ஒட்டிக்கொண்டு வரும் அளவுக்குப் பிசுபிசுப்பான பழுப்பு உருண்டை. சர்க்கரை ஒரு துளி இல்லை, நீர் இல்லை, அடுப்பு இல்லை. மாதக்கணக்கில் கெடாது. கழுதையின் பின்னால் வாரக்கணக்கில் நடக்கப்போகிறவன் மடியில் கட்டிக்கொண்டு போக இதைவிடப் பொருத்தமான உணவு உண்டா? எள்ளுருண்டையைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய தாய்மார்களின் கை நமக்குத் தெரியும் என்பதால், இந்த உரலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது அந்நிய உணவாகவே தோன்றியதில்லை.

மேய்ச்சல் வாழ்வு ஊருக்குள் குறைவு, மலைமேல் அதிகம். கோடையில் ஷாவாக் எனப்படும் இடையர் கூட்டத்தார் ஆட்டுமந்தைகளோடு முன்சுர் மலையின் மேட்டுப் புல்வெளிகளுக்கு ஏறிக் கறுப்புக் கூடாரம் அடிக்கிறார்கள். அந்தப் புல்வெளிகளுக்கு ‘யாய்லா’ என்று பெயர். செம்மறிப் பாலை உறையவைத்து, நீர் வடித்து, உதிர்த்து, உப்பிட்டு, மயிர் நீக்கிய ஆட்டுத்தோல் பையில் காற்றுப் புகாமல் அமுக்கி அடைத்துக் குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். துருக்கி முழுவதும் ‘எர்சிஞ்சான் துலும்’ என்று விலைபோகும் பாலாடைக்கட்டி இதுதான். மாவட்டத்தில் இஸ்லாத்தின் ஒரு பிரிவான அலெவி மரபைச் சேர்ந்த கிராமங்களும் உண்டு. ஓஜாக் என்ற கிராமத்தில் ஹிதிர் அப்தால் என்னும் ஞானியின் அடக்கத்தலத்துக்கு வெளியூர்களிலிருந்தும் மக்கள் நேர்ந்துகொண்டு வருகிறார்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தவிர்த்துவிட்டு இந்த ஊரின் வரலாற்றை எழுதுபவர்கள் நிறையப்பேர். நான் அப்படிச் செய்ய மாட்டேன். 1896 ஆகஸ்டில் ஆர்மீனியப் புரட்சியாளர்கள் சிலர் இஸ்தான்புல்லில் உஸ்மானிய வங்கியைக் கைப்பற்றினார்கள். முன்னின்று நடத்திய பாப்கென் சியூனி இந்த எயின் பகுதியைச் சேர்ந்தவர். அந்த முற்றுகையிலேயே இறந்துபோனார். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 15-இல், அவருடைய சொந்த ஊர்மீது பழி தீர்க்கப்பட்டது. பிரெஞ்சுத் தூதரக அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். ஆர்மீனியர் குடியிருப்பின் ஏறத்தாழ 1500 வீடுகளில் 980 சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. இஸ்தான்புல்லில் நடந்ததற்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மல்பெரி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் செத்தார்கள். இஸ்தான்புல்லோடு இந்த ஊரைக் கட்டியிருந்த கயிறு பணத்தை மட்டும் கொண்டுவரவில்லை.

எஞ்சியவர்களை 1915 முடித்துவிட்டது. எயினின் ஆர்மீனியர்கள் நாடுகடத்தல் வரிசைகளில் தெற்கே விரட்டப்பட்டார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. இதே காராசு ஆற்றின் மேற்பகுதியில், கெமாஹ் மலையிடுக்கில், எர்சிஞ்சான், எர்சுரும் பகுதிகளிலிருந்து நடத்திவரப்பட்டவர்கள் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தண்ணீர் எயினைக் கடந்துதான் போயாக வேண்டும். இவ்வூரில் 1878-இல் பிறந்து சியாமந்தோ என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர் ஆத்தோம் யார்ஜானியான், 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் தொடங்கிய கைதுகளில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவ்வூர்ப் பாடல்களைத் தொகுத்த கோமித்தாசும் அதே நடவடிக்கையில் பிடிபட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் மனம் உடைந்து எஞ்சிய காலத்தை மருத்துவமனைகளில் கழித்தார். இதை இனப்படுகொலை என்று அழைப்பதைத் துருக்கி அரசு இன்றுவரை ஏற்கவில்லை. சரிவில் பாதி வீடுகள் காலியானதை மறுக்க ஒருவராலும் முடியாது.

ஹாய்ஹூரும்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1923-இல் துருக்கியும் கிரீஸும் மக்களை மதத்தின் அடிப்படையில் பரிமாறிக்கொண்டபோது, ஆர்த்தடாக்ஸ் என்பதால் இவர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். ஒரு பகுதியினர் கிரீஸின் யூபியா தீவில் குடியமர்ந்தார்கள். பேசத் தெரிந்தது ஆர்மீனியமும் துருக்கியமும். இறங்கியதோ கிரேக்கம் பேசும் நாடு. ஒரு மலைச்சரிவின் பேச்சு இப்படி ஏஜியன் கடல் தீவு ஒன்றில் சில தலைமுறைகள் ஒலித்து மெல்ல அடங்கியது.

பெயரும் போனது. 1922-இல், அடுத்த ஆண்டு துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தஃபா கெமாலின் (அத்தாத்துர்க்) பெயரால் ஊர் கெமாலியே ஆனது. எயின் என்ற பெயரைப் பாட்டுகள் மட்டும் விடாமல் வைத்திருக்கின்றன. குடியரசுக் காலத்திலும் வெளியேற்றம் நிற்கவில்லை, உண்மையில் வேகமெடுத்தது. முன்பு ஆண்கள் மட்டும் போனார்கள்; இப்போது குடும்பத்தோடு போனார்கள். 1930-களின் இறுதியில் சிவாஸ்–எர்சுரும் ரயில்பாதை ஆற்றின் மேற்பகுதி வழியே போடப்பட்டதும் வாரக்கணக்கான பயணம் நாள்கணக்கானது. எளிதாகப் போக முடிந்ததால் இன்னும் அதிகம் பேர் போனார்கள். 1970-களில் கீழே கெபான் அணை கட்டி முடிந்ததும் தேக்கநீர் இவ்வூர் வரை ஏறி வந்தது. மோல்ட்கே பார்த்த சீறும் ஆறு, ஊருக்குக் கீழே அசையாத பச்சை நீராகிவிட்டது.

என்வெர் கொக்சே 1951-இல் கம்யூனிஸ்டுகள் மீதான கைதுகளில் சிக்கிப் பல ஆண்டு சிறையில் இருந்தார். பிறகு நெடுங்காலம் சித் கிராமத்தில் வறுமையோடும் நோயோடும் வாழ்ந்தார். எயின் மக்களின் பேச்சு வழக்கையே கவிதை மொழியாக்கி எழுதினார், 1981-இல் மறைந்தார். இன்னொரு கவிஞர் அஹ்மெத் குத்சி தெஜெர்; பிறந்தது ஜெருசலேமில், குடும்பத்தின் பூர்வீகம் இங்கே ஆப்சாகா கிராமம். தொலைவில் இருக்கும், போய்ப் பார்க்காவிட்டாலும் நம்முடையதான ஒரு கிராமத்தைப் பற்றிய அவருடைய கவிதை துருக்கியில் பள்ளிக்குழந்தைகள் எல்லாருக்கும் மனப்பாடம். அது தங்கள் கிராமம்தான் என்று ஆப்சாகாக்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். ஒருவர் திரும்பி வந்து எழுதினார், மற்றவர் வெளியிலிருந்தே எழுதினார்.

நீங்கள் இதுவரை படித்ததையெல்லாம் மறந்தாலும் தாஷ் யோலை மறக்க மாட்டீர்கள். ‘கல் வழி’ என்று பொருள். ஊரிலிருந்து வடக்கே போகும் நேர்வழியை இருண்ட பள்ளத்தாக்கு அடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் செங்குத்துப் பாறையிலேயே ஒரு பாதையைக் குடைந்துவிடுவது என்று 1870-களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் முடிவெடுத்தார்கள். உளி, சம்மட்டி, கடப்பாரை. கீழே ஆறு. பாறை முகத்தில் தொங்கிக்கொண்டு சில விரற்கடை குடைந்தால் அன்றைய வேலை முடிந்தது. பணம் தீர்ந்தால் நின்றுபோகும். இஸ்தான்புல்லில் இருப்பவர்கள் வசூலித்து அனுப்பினால் மறுபடி தொடங்கும். பேரரசு விழுந்தது, போர்கள் வந்தன, தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கிழவர்களானார்கள், அப்போதும் முடியவில்லை. கடைசிக் காலத்தில் வெடிமருந்தும் இயந்திரமும் உதவிக்கு வந்தன. 1990-களில் எர்சிஞ்சான் ஆளுநராக இருந்த ரெஜெப் யாசிஜியோலு இதில் தனி அக்கறை காட்டினார். 2002-இல் பாதை திறந்தது. தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 130 ஆண்டு. நீளம் ஒன்பது கிலோமீட்டர் அளவு; அதில் 38 சுரங்கங்கள். அகலம் ஒரு வண்டிக்குச் சரி. எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். சுரங்கங்களின் பக்கவாட்டில் சாளரம்போலத் திறப்புகள். அவற்றின் வழியே எட்டிப்பார்த்தால் அதலபாதாளத்தில் ஆறு.

உலகின் ஆபத்தான சாலைகள் என்ற வரிசையில் இதைச் சேர்த்து வீடியோ போடுகிறார்கள். ஆபத்து உண்மைதான். ஆனால் இதன் சிறப்பு ஆபத்தில் இல்லை. ஊரைவிட்டுப் போனவர்கள், ஊருக்கு வரும் வழி வேண்டும் என்று நான்கு தலைமுறையாகப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பாதை திறந்தபோது அதில் நடந்து பயன்பெற வேண்டியவர்களில் பெரும்பாலோர் ஊரிலேயே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்றைய நிலை: மாவட்டம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 5000 பேர்தான். கிராமங்களோ அறுபதுக்கும் மேல். நகரத்தில் இருப்பவர்களைக் கழித்துவிட்டால் ஒரு கிராமத்துக்கு ஐம்பது பேர் தேறினால் அதிகம். அவர்களிலும் முதியோரே மிகுதி. குளிர்காலத்தில் பலர் இஸ்தான்புல்லில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோடையில் ஊர் நிரம்புகிறது. பூட்டிய கதவுகள் திறக்கின்றன. இஸ்தான்புல்லில் உள்ள ஊர்ச்சங்கத்தார் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறார்கள், விழா நடத்துகிறார்கள். இவ்வூரில் பிறந்த உயிரியல் பேராசிரியர் அலி தெமிர்சோயின் முயற்சியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு சிறிய ஊரில் அப்படி ஒன்றைப் பார்ப்பது அரிது.

ஆற்றின் மேற்பகுதியில், பக்கத்து மாவட்டமான இலிச்சில் சொப்லெர் தங்கச் சுரங்கம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 13 அன்று அங்கே சயனைடு கரைசல் ஊற்றித் தங்கம் பிரித்த மண்மேடு சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். வேலை தேடி வெளியூர் போகாமல் சொந்த மலையிலேயே பிழைக்க ஒரு வழி வந்தது என்று நம்பப்பட்ட தொழில் அது. காராசு அங்கிருந்து கீழே கெமாலியேவை நோக்கித்தான் வருகிறது. மல்பெரித் தோட்டக்காரர்களின் பயம் நியாயமானது.

நேரில் போக நினைத்தால் ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ போங்கள். கோடைக்கு வந்த பேரப்பிள்ளைகள் துணியின் நான்கு மூலையைப் பிடித்து நிற்க, பாட்டி கீழே நின்றபடி எந்தக் கிளையை உலுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். தாஷ் யோலில் நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். உள்ளூர் ஓட்டுநரோடு போங்கள். சந்தில் ஏதாவது ஒரு பழைய வாசலில் நின்று, பெரிய வளையத்தை ஒருமுறை, சிறியதை ஒருமுறை மெல்லத் தட்டி இரண்டின் ஒலியையும் கேளுங்கள். உள்ளே ஆள் இருந்தால் கதவு திறக்கும். தேநீரும் தட்டில் லொக்கும் வரும். எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னதும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.